வாசல் பக்கத்து இறக்கை

அந்தச் சனிக்கிழமை திலகத்துக்கு யார் முகத்தையும் பார்க்கிற தெம்பு இல்லை. மழைக்கு முந்தியே முழங்கால் இரண்டும் வலிக்க ஆரம்பித்துவிட்டன. முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் உழைத்து, சார்ஜனாக ஓய்வு பெற்று, கூலாயில் சின்னதாய் ஒரு வீடு வாங்கி உட்கார்ந்தவளை உட்காரவிடாமல் ஊரே வந்து கதவைத் தட்டியது. காணாமல் போன சங்கிலி, பேசாமல் போன மருமகள், யார் வைத்தது என்று தெரியாத மொட்டைக் கடிதம். இனி ஒருத்தருக்கும் கதவைத் திறப்பதில்லை என்று முந்தின வாரம்தான் சபதம் எடுத்திருந்தாள். அந்தச் சபதத்துக்கு ஆயுள் ஆறு நாள்.

கேட்டுக்கு வெளியே நின்றவள் தேன்மொழி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நாலு மணிக்குத் தேவா அண்ணன் போலீஸ் ரெப்போர்ட் பண்ணப் போறாரு. எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டு."

"எதுக்கு?"

"அவர் செய்யிற ப்ளேனோட இறக்கையை இவர் கிழிச்சுட்டாராம்."

திலகம் பெருமூச்சு விட்டாள். கள்ளச் சாவி, கள்ளக் கையெழுத்து, கள்ளப் புருஷன் எல்லாம் பார்த்தாயிற்று. விமானம் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

உள்ளே ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மூர்த்தி வாயில் கவளத்தோடு ஓடி வந்தான். திலகத்தின் கொழுந்தன் அவன். வாடகைக் கார் ஓட்டுகிறவன், ஐம்பது வயது. அண்ணன் போன பிறகு சனிக்கிழமைதோறும் அண்ணிக்குப் பசியாற வாங்கி வருவான். யாராவது புகார் கொண்டு வந்தால் அண்ணியைவிட அவனுக்குத்தான் தலைகால் புரியாது.

"ப்ளேனா? அண்ணி, கார் வெளியிலதான் நிக்குது!"

"முதல்ல முழுங்கு," என்றாள் திலகம்.

தேன்மொழி நின்றபடியே சொன்னாள். தேவானந்தன் சிங்கப்பூரில் விமானம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். செடெனாக்கில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்றைச் சொந்தக் கையால் செய்துகொண்டிருக்கிறார். தேன்மொழியின் கணவன் சுகுமாறன் எல்லை தாண்டிப் போய், சிங்கப்பூர் விமான நிலையத்துக்குள் இருக்கும் ஒரு பட்டறையில் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவன். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவருக்குத்தான் கொடுத்திருக்கிறான். இறக்கைக்குத் துணி போர்த்தியது முழுக்க அவன் கை வேலை. போன ஞாயிறு இருவருக்கும் வாய்ச்சண்டை. வியாழக்கிழமை இறக்கையில் கிழிசல்.

"ஏர்போர்ட்டுக்குள்ள போற பாஸை அடுத்த மாசம் புதுப்பிக்கணும் அக்கா. விமானத்தை நாசம் பண்ணினான்னு ஒரு ரெப்போர்ட் இருந்தா பாஸ் கிடைக்காது. பாஸ் இல்லன்னா வேலை இல்ல. பிள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க. அவர் இன்னிக்கும் வேலைக்குப் போயிட்டாரு, ‘நான் செய்யல, அவ்வளவுதான்’னு சொல்லிட்டு. கெஞ்சத் தெரியாத மனுஷன்."

திலகம் மணி பார்த்தாள். பதினொன்று ஆகப்போகிறது. செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

வழி நெடுக இரண்டு பக்கமும் செம்பனை. மூர்த்தி செடெனாக் போய்ச் சேருவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். தேன்மொழி சொன்ன தகவல்களில் பக்கத்து வீட்டு ஜெயபாலன் என்று ஒருவர் இருந்தார். மாடு வளர்ப்பவர். விமான இஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்று அவருடைய மாடுகள் மிரண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

"அவன்தான் அண்ணி. சந்தேகமே இல்ல."

"பார்க்காத ஆளை அவன் இவன்னு சொல்லாத. ரோட்டைப் பாரு."

தேவானந்தனுக்கு அறுபத்து மூன்று வயது. ஒடிசலான உடம்பு, ஓங்கிய குரல். தேன்மொழியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திலகத்தை அவருக்கு முன்பே தெரியும். கோயில் திருவிழாவில் கூட்டத்தை அதட்டி ஒழுங்கு பண்ணிய சார்ஜனை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

"பாருங்க சார்ஜன் அம்மா, நல்லாப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க நான் ரெப்போர்ட் பண்ணலாமா கூடாதான்னு."

கொட்டகைக்குள் பசை நாற்றம். இரண்டு இறக்கைகளும் மரத் தாங்கிகளின் மேல் படுத்திருந்தன, ஒன்று வாசல் பக்கம், ஒன்று சுவர்ப் பக்கம். வெள்ளைத் துணி சுருக்கமே இல்லாமல் இழுத்துப் பிடித்திருந்தது. திலகம் உள்ளே கால் வைத்ததுமே அவள் துப்பட்டா எதிலோ மாட்டியது. வாசல் பக்கத்து இறக்கையின் முன்விளிம்பிலிருந்து விரல் கனத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்து, பார்த்து! காத்து வேகம் அளக்கிற குழாய் அது. இடது இறக்கையில மட்டும்தான் இருக்கும். ஒடிஞ்சா இன்னொண்ணு வர ரெண்டு மாசம்."

அவர் துப்பட்டாவை மெல்ல விடுவித்துவிட்டுக் கிழிசலைக் காட்டினார். அதே இடது இறக்கை. ஒரு சாண் நீளத்துக்கு நேராகப் போன வெட்டு, அங்கே திரும்பி இன்னும் அரைச் சாண் போயிருந்தது. துணி இறுக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது.

"எத்தனை நாள் வேலை இது?" என்று கேட்டாள் திலகம்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அவர் பேச ஆரம்பித்தார். அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணியைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். பிறகு இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் துணி சுருங்கி இறுகும். சூடு குறைந்தால் தொளதொள, கூடினால் சட்டமே வளைந்துவிடும். அதனால் பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்துப் பார்த்து, திருகில் கோடு போட்டு, மூன்று தடவையாக ஏற்ற வேண்டும். பிறகு துணியை ஒவ்வொரு விலாச் சட்டத்தோடும் சேர்த்து நூலால் தைக்க வேண்டும். அதற்கு மேல்தான் பூச்சு. திங்கட்கிழமை பரிசோதகர் வந்து பார்த்துச் சரி சொன்னால் பூச்சு வேலை தொடங்கலாம்.

"சுகுமாறன் தையலைப் பத்தி ஞாயித்துக்கிழமை ஏதோ சொன்னானாமே?"

"இன்னும் நெருக்கித் தைக்கணும், அவசரப்படாதீங்கன்னான். நாப்பது வருஷ சர்வீஸ் எனக்கு! நீ சீட்டுக்கு உறை தைக்கிறவன், உன் வேலையைப் பாருன்னேன். ‘இந்த இறக்கையை நம்பி நீங்க பறக்கிறதைப் பார்க்கிறேன்’னுட்டுப் போனான். வியாழக்கிழமை ஆயர் ஈத்தாம்ல ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். மூணு மணிக்கு அவன் மோட்டார்சைக்கிள் இங்க நின்னதை ஜெயபாலன் பார்த்திருக்காரு. சாமான் எடுக்க வந்தானாம்! நான் திரும்பி வந்து பார்த்தா இது."

தேன்மொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திலகம் அவள் கையை அழுத்தி நிறுத்தினாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முழங்கால் கத்தியது. வெட்டின் விளிம்பை நகத்தால் தடவினாள். நூல் பிரியவே இல்லை. ஓரம் முழுக்க மெல்லியதாக, கெட்டியாக ஒரு வரம்பு. மேசைக்கடியில் கிடந்த துண்டுத் துணிகளையும் எடுத்துப் பார்த்தாள். அவையெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டியவை.

"இந்த வெட்டுக்கு நேரா உள்ள என்ன இருக்கு?"

"நேரா ஒண்ணுமில்ல. திரும்பின பக்கம், அந்த மூலையில, ஒரு இழுவைக் கம்பி வந்து சேர்ற போல்ட். ரெண்டு இறக்கையிலயும் அதே இடத்துல இருக்கும்."

"அதைப் பிறகு திறந்து பார்ப்பீங்களா?"

"எதுக்கு? துணி போட்டு மூடினா மூடினதுதான்."

கொட்டகை நடுவில் விமானத்தின் உடல் நின்றது. இஞ்சின் தாங்கியில் ஒரு போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் துணித் துண்டு ஒன்று கட்டியிருந்தது. மூர்த்தி ஆர்வத்தில் அதைத் தொடப் போனான்.

"கையை எடுங்க!" தேவானந்தன் போட்ட சத்தத்தில் மூர்த்தி ஓரடி பின்னால் போனான். "வேலை முடியாத இடத்துல சிவப்புத் துணி. நட்டு கழலாம இருக்கக் கம்பி ஊசி போட்டு வளைச்ச பிறகுதான் அதை அவுப்பேன். துணி இல்லன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். என் கையைத் தவிர வேற கை படக் கூடாது. புதன்கிழமைகூட ஷாமளா அழுக்குத் துணின்னு பிடுங்கப் பார்த்தா. என் உயிரை வாங்கப் பார்க்கிறியான்னு நல்லாத் திட்டிட்டேன்."

வீட்டுக்குள் அழைத்து டீ கொடுத்தாள் ஷாமளா, தேவானந்தனின் மனைவி. சத்தம் வராமல் நடக்கிற பெண். சாப்பாட்டு மேசை நிறைய ரிப்பன் ரோஜாக்கள். தங்கைமகள் கல்யாண மேடைக்காம். வியாழக்கிழமை கருமாதிக்குப் போகாமல் வீட்டிலிருந்ததும் இந்தப் பூ வேலைக்காகத்தானாம். ஓர் ஓட்டுச் சில்லின் மேல், மின்சாரத்தில் சூடேறும் சால்டரிங் கோல் சாய்ந்து கிடந்தது. திலகம் ஒரு பூவை எடுத்துச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"சும்மா பொழுதுபோக்கு," என்றாள் ஷாமளா. பார்வையை மட்டும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.

தேவானந்தன் வேலை நடந்த விதத்தை நாள் தவறாமல் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருந்தார். திலகம் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போன அக்டோபரில் நின்றாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிற்பகல். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் ஸ்பேனர், குறடு, துளைக்கருவி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் துணி போடாத இரண்டு இறக்கைச் சட்டங்கள். சுவர்ப் பக்கத்துச் சட்டத்தின் விளிம்பில் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வாசல் பக்கத்துச் சட்டத்தின் மூலையில் ஒரு சிவப்புத் துண்டு. அடுத்த படம் மறுநாள் காலை, பூஜை. சட்டம் முழுக்கச் சந்தனம், குங்குமம். எல்லாம் பளபளவென்று இருந்தது.

"இப்படி மின்னுதே, யாரு துடைச்சது?"

"ஷாமளாதான். அந்தச் சாயங்காலம் முழுக்க. ஒரு தூசி விடல."

"சாமி முன்னால வெச்ச சாமானை நீங்க நடுவுல எடுத்து வேலை செஞ்சீங்களா?"

"என்ன கேக்கிறீங்க சார்ஜன் அம்மா! வெச்சது வெச்சதுதான். பூஜை முடிஞ்சு மறுநாள்தான் எடுப்போம். எங்கப்பா காலத்திலிருந்து அப்படித்தான்."

"அதுக்கு அடுத்த நாளே துணி போட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆமா. சுத்திப் பார்த்தேன், சிவப்புத் துணி எதுவும் இல்ல. ஆரம்பிச்சுட்டோம்."

திலகம் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். உள்ளுக்குள் ஓர் அலுப்பு வந்து உட்கார்ந்தது. கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு எப்போதோ விட்டுப் போயிருந்தது. இனி ஒரு குடும்பத்தின் நடுவில் நின்று பேச வேண்டும். அதுதான் கால்வலியைவிடக் கஷ்டம்.

"எல்லாரும் கொட்டகைக்கு வாங்க. நீங்களும்தான் ஷாமளா."

மூர்த்தி ஒரு முக்காலியைத் தேடிக் கொண்டு வந்து அண்ணியை உட்கார வைத்தான். கிழிந்த இறக்கையைச் சுற்றி நால்வரும் நின்றார்கள்.

"ஜெயபாலன்தானே அண்ணி?" என்று கிசுகிசுத்தான்.

"மாடு மிரண்ட கோபத்துல வர்ற ஆளு பாராங் கத்தியை எடுத்துக்கிட்டு வருவாரு மூர்த்தி. நாலு வெட்டு வெட்டிட்டுப் போயிட்டே இருப்பாரு. இந்த வெட்டோட ஓரத்தைத் தொட்டுப் பாரு. கத்தியோ கத்தரிக்கோலோ இல்ல. சுட வெச்ச கோலால அறுத்தது. அப்படி அறுத்தா ஓரம் உருகி ஒட்டிக்கும், நூல் பிரியாது, கிழிசல் ஓடாது. நாசம் பண்ண வந்தவங்க அதுக்கு மேல கிழியக் கூடாதேன்னு கவலைப்படுவாங்களா?"

"அப்ப எதுக்கு அறுத்தாங்க?"

"உள்ள பார்க்க. முதல்ல நேரா அறுத்திருக்காங்க. அங்க ஒண்ணும் தெரியல. திரும்பி மூலை வரைக்கும் போயிருக்காங்க. தேடியிருக்காங்க. ஒவ்வொரு சட்டத்தையும் கையால தடவித் தைச்ச சுகுமாறனுக்குத் தேட வேண்டிய தேவையே இல்ல. போல்ட் எங்க இருக்குன்னு அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்."

தேன்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவானந்தன் புருவத்தைச் சுருக்கினார்.

"அப்ப யாரு?"

"அந்த ரிப்பன் பூவோட ஓரத்தைத் தடவிப் பார்த்தேன் ஐயா. இதே மாதிரிதான் இருந்தது."

ஷாமளா மறுக்கவில்லை. அழவும் இல்லை. தோள் மட்டும் தொய்ந்தது.

"நான்தான்," என்றாள். "பூஜைக்குத் துடைக்கையில சட்டத்துல ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கு. சாமிக்கு முன்னால இப்படியான்னு அவுத்துப் போட்டுட்டேன். அப்புறம் மறந்தும் போச்சு. புதன்கிழமை நீங்க கத்தினப்பதான் அது எதுக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. வியாழக்கிழமை நீங்க கிளம்பினதும் அறுத்துப் பார்த்தேன். ஊசி இருந்துச்சு. ரெண்டு கால் வளைச்சு ஒழுங்கா இருந்துச்சு. அப்பாடான்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன். ஒட்டுப் போடத் தெரியல. நீங்க வந்ததும் சொல்லிடலாம்னு நினைச்சேன். வந்ததும் சுகு சுகுன்னு கத்த ஆரம்பிச்சுட்டீங்க. தேனு, என்னை மன்னிச்சிடும்மா. வாய் வரல எனக்கு."

"மூணு நாளா!" தேவானந்தனின் குரல் கூரையில் மோதியது. "மூணு நாளா பார்த்துக்கிட்டு நின்னியா? இருந்த ஊசியைப் பார்க்க என் இறக்கையை—"

"கத்தாதீங்க ஐயா." திலகம் குரலை உயர்த்தவில்லை. "நான் இன்னும் முடிக்கல. அவங்க பார்த்தது தப்பான இறக்கை."

மழை தகரத்தில் தூற ஆரம்பித்திருந்தது.

"ஷாமளா, எந்தச் சட்டத்துல துணியை அவுத்தீங்க?"

"வாசல் பக்கத்துல இருந்தது."

"அன்னிக்கு வாசல் பக்கம் இருந்தது எதுன்னு படத்துல பாருங்க ஐயா. குழாய் இருக்கிற சட்டம் சுவர்ப் பக்கம் இருக்கு. சிவப்புத் துணி கட்டின சட்டத்துல குழாய் இல்ல. அது வலது இறக்கை. துணி போடறப்ப இடம் மாத்தியிருக்கீங்க."

தேவானந்தன் கைப்பேசியை வாங்கினார்.

"இஸ்திரி போட ப்ளக் பாயிண்ட் பக்கமா... மாத்தினோம்."

"படம் எடுக்கிறப்ப உங்க சாமான் எல்லாம் சாமி முன்னால போயாச்சு. துணி கட்டியிருந்துச்சு, ஊசி போடல. மறுநாள் காலையில துணி இல்ல. நடுவுல நீங்க ஸ்பேனரைத் தொடல, தொடவும் மாட்டீங்க. அப்புறம் எப்ப அந்த ஊசியைப் போட்டீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் போனார். வலது இறக்கை ஒரு கீறல்கூட இல்லாமல், திங்கட்கிழமைக்குத் தயாராகப் படுத்திருந்தது. மேசையிலிருந்து கத்தியை எடுத்தார். துணியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு ஒரே இழுப்பாக அறுத்தார். டப்பென்று துணி விட்டது.

மூர்த்தி கைவிளக்கைப் பிடித்தான். மூலையில் போல்ட் தெரிந்தது. போல்ட்டின் நுனித் துளையில் ஊசி இல்லை. தேவானந்தன் உள்ளே கை விட்டு, இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். அது சுழன்றது. இன்னும் நாலு சுற்றுச் சுற்றினார். நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அலமாக்!" என்றான் மூர்த்தி.

"இது ஆகாசத்துல..." என்று தொடங்கிய தேவானந்தன் முடிக்காமல் முக்காலியைத் தேடினார். திலகம் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள்.

"ஐயா, நான் ஊரை விசாரிச்சே கிழவியானவ. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுல உங்க உயிரைக் காப்பாத்தணும்னாகூட நீங்க இல்லாதப்ப, உங்களுக்குத் தெரியாமதான் செய்ய வேண்டியிருக்கு. தையல் சரியில்லன்னு சொன்னவனை விரட்டிட்டீங்க. துணியை அவுத்தவளுக்குச் சொல்ல வாய் வரல. உங்க சத்தத்துக்குப் பயந்து வீட்டுல வாயை அடைச்சுக்கிட்டு இருந்ததுலதான் அந்த நட்டும் இப்படிக் கிடந்திருக்கு."

தேவானந்தன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, படிக்காமலே நாலாய்க் கிழித்தார். தட்டச்சு செய்து வைத்திருந்த ரெப்போர்ட். பிறகு சுகுமாறனை அழைத்தார். ஒலிபெருக்கியில் பட்டறைத் தையல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"சுகு, நான்தான். நீ செய்யல. தெரிஞ்சுபோச்சு. ரெப்போர்ட் கிடையாது. ரெண்டு இறக்கையையும் முழுசாப் பிரிக்கணும். பரிசோதகரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். வருவியா?"



"வரேன் அண்ணே," என்றான் சுகுமாறன். "இந்த வாரம் வேணாம். மனசு ஆறட்டும். மன்னிப்பை எங்கிட்டக் கேக்காதீங்க, என் வீட்டுக்காரிகிட்டக் கேளுங்க. மூணு நாளா அவ சாப்பிடல."

தேவானந்தன் எழுந்து நின்று தேன்மொழியைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். மூர்த்தி குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

திலகம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. அவ்வளவு தணிந்த குரலில் அந்த மனுஷன் பேசி அவள் கேட்டதே இல்லை.

"ஷாமளா, இந்த மாதிரி எங்கிட்டச் சொல்லப் பயந்துகிட்டு வேற ஏதாவது வெச்சிருக்கியா?"

இன்னொரு முக்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"நிறைய இருக்கு," என்றாள். "உட்காருங்க."